எரிதலும் எரித்தலும்

எம் கல்லூரி மலருக்குக் கட்டுரையொன்று அனுப்புமாறு மலர்க்குழுவார் பணித்தபொழுது, பழைய மாணவர் வழக்கமாக எழுதும் கட்டுரையே எமக்கும் முதற்கண் நினைவிற்கு வந்தது. விடுதிச் சாப்பாட்டையும், மணியடிக்கும் முதியவரையும், மழைநாளில் ஒழுகிய வகுப்பறையையும் எழுதினால் படிப்பார் பலர் உளர். ஆயினும் யாம் ஈண்டு எழுதப் புகுவது ஓர் ஆங்கில வினைச்சொல்லைப் பற்றியே. நான்கே எழுத்துக்களையுடைய 'பர்ன்' என்னும் அச்சிறு சொல் எம்மை இருமுறை தலைகுனிய வைத்தது. ஒருமுறை இக்கல்லூரியின் வகுப்பறையில், மற்றொருமுறை கல்பாக்கத்தை அடுத்த சதுரங்கப்பட்டினத்தில், எமது வீட்டுத் திண்ணையில். முதலாவது நகைப்பிற்குரியது. இரண்டாவது அத்தகையதன்று.

முதலாவதை விரைவிற் கூறிவிடுவோம். அன்று மொழிபெயர்ப்பு வகுப்பு. ஆசிரியர் கரும்பலகையில் ஐந்து ஆங்கில வாக்கியங்களை எழுதினார். அடுப்பு விறகு, குழந்தையின் விரல், பாற்சட்டி, மிளகாய் பட்ட நாக்கு, வெயிலில் வாடிய பயிர் ஆகிய ஐந்திற்கும் வினை ஒன்றே, அதுவே 'பர்ன்'. யாம் அகராதியைப் புரட்டி, முதலிற் கண்ட 'எரி' என்னும் சொல்லையே ஐந்திடத்தும் பெய்து, அனைவர்க்கும் முன்னரே எழுதி முடித்த பெருமிதத்தோடு தாளை நீட்டினோம். ஆசிரியர் மெல்லிய குரலில் வகுப்பிற்குப் படித்துக் காட்டினார். "தம்பி, உங்கள் வீட்டில் பால் எரியுமா? எரியுமாயின் எமக்கும் ஒரு படி அனுப்பு, மண்ணெண்ணெய்ச் செலவு மிச்சமாகும்" என்றார். வகுப்பு முழுதும் நகைத்தது. அந்நகைப்பொலி இன்றும் எம் செவியில் உளது.

அவர் அன்று எடுத்துக்காட்டியவற்றையும், பின்னர் யாமாகச் சேர்த்தவற்றையும் கூட்டிக் கூறின், தமிழில் விறகு எரியும், விரல் சுட்டுக்கொள்ளும், பால் அடிப்பிடிக்கும், தோசை தீயும், சோற்றின் அடி காந்தலாகும், தலைமயிர் பொசுங்கும், பயிர் கருகும், தணல் கனலும், வெயில் காயும், சுடும், கொளுத்தும், தகிக்கும். கண்ணும் வயிறும் மாத்திரம் தீயின்றியே எரியும். அவற்றுள்ளும் வயிறு பெரும்பாலும் பிறர் வாழ்வைக் கண்டே எரியும். ஆங்கிலேயர் ஒரு பாத்திரத்தில் ஊற்றி வைத்திருப்பதை யாம் பத்துப் பதினைந்து கிண்ணங்களிற் பகிர்ந்து வைத்திருக்கின்றோம். இதனால் ஆங்கிலம் வறியது என்று எவரும் முடிவு கட்டிவிட வேண்டா. அம்மொழியிலும் 'ஸ்கார்ச்', 'சிஞ்ச்', 'சார்' முதலிய சொற்கள் உள. ஆயினும் அவர்தம் அன்றாட வாழ்வில் 'பர்ன்' ஒன்றே எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்கின்றது.

இனி அதன் பிறப்பைப் பார்ப்போம். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகட்கு முற்பட்ட பழைய ஆங்கிலத்தில் இஃது ஒரு சொல்லன்று, இரண்டு சொற்கள். தானே எரிவதற்குப் 'பெயோர்னன்' என்றொரு வினையும், பிறிதொன்றை எரிப்பதற்குப் 'பேர்னன்' என்றொரு வினையும் இருந்தன. முன்னது தன்வினை, பின்னது பிறவினை. கடல்கடந்து வந்த வடபுல நாட்டாருடைய 'பிரென்னா' என்னும் சொல்லும் இவற்றோடு கலந்தது. நாளடைவில் இறுதிநிலைகள் தேய்ந்தன, ஒலிகள் நெருங்கின, இரண்டும் ஒன்றாயின. இன்று வீடு எரிந்தாலும் 'பர்ன்', வீட்டை ஒருவன் எரித்தாலும் 'பர்ன்'. ஜெர்மானியர் மொழியின் 'பிரென்னன்' என்பதும் இவ்வாறே இரண்டு வேலையையும் ஒன்றாகத் தாங்குகின்றது.

'பிரென்' என்றிருந்தது 'பர்ன்' என்றானது எவ்வாறு எனின், ரகரம் இடம் பெயர்ந்தமையால் என்க. பறவையைக் குறிக்கும் 'பேர்ட்' என்னும் சொல்லும் பண்டு 'பிரிட்' என்றே இருந்தது. தசை என்பதைச் சதை என்றும், மதுரையை மருதை என்றும் வழங்கும் நமக்கு இதில் வியப்பில்லை. ரகரம் இடம் பெயராத உறவினரும் சிலர் உளர். கொள்ளிக்கட்டைக்கு 'பிராண்ட்' என்று பெயர். பழுக்கக் காய்ச்சிய இரும்பினால் மாட்டிற்கு இடும் சூட்டுக்குறியும் அதுவே. இன்று சவர்க்காரத்திற்கும் சட்டைக்கும் வணிகர் இடும் பெயர்க்குறியும் அதுவே ஆயிற்று. கந்தகத்தின் பழம்பெயராகிய 'பிரிம்ஸ்டோன்' என்பதற்கு எரிகல் என்று பொருள். பிராந்தி என்னும் பெயரோ டச்சுக்காரர் தந்தது. எரித்த திராட்சை மது, அஃதாவது தீயிட்டு வடித்தது என்று அதற்குப் பொருள். யாம் வாழும் சதுரங்கப்பட்டினத்தில் பதினேழாம் நூற்றாண்டில் வந்திறங்கித் துணிவாணிபம் செய்தவர் அந்த டச்சுக்காரரே. அவர்களுடைய செங்கற் கோட்டை கடலை நோக்கி இன்றும் நிற்கின்றது. அதனுள்ளே செதுக்கு வேலைப்பாடமைந்த கல்லறைகளும் உள. மாலை வேளைகளில் அக்கல்லறைகளின் பக்கம் உலாவும்பொழுது, துணியும் கோட்டையும் போய், அவர்கள் சொல் ஒன்று மாத்திரம் நம்மூர்க் கடைகளில் குடியேறிவிட்டதே என்று எண்ணிச் சிரித்ததுண்டு.

ஸ்காட்லாந்து தேசத்தார் 'பர்ன்' என்றால் சிற்றோடை என்று பொருள் கொள்வர். அது வேறு வேரினது. கிணற்றையும் ஊற்றையும் குறிக்கும் ஜெர்மானியச் சொல்லுக்கு உறவு. எழுத்தளவில் தீயும் நீரும் ஒன்றாயிருத்தல் காண ஒரு வேடிக்கை; அவ்வளவே.

நிற்க. தமிழோ அப்பழைய பாகுபாட்டை இன்னும் கைவிடவில்லை. எரிந்தது, எரித்தது, கருகியது, கருக்கியது, பொசுங்கியது, பொசுக்கியது என இரண்டும் தனித்தனியே நிற்கின்றன. மதுரை எரிந்தது என்றால் கேட்டவர் 'ஐயோ' என்பர். கண்ணகி மதுரையை எரித்தாள் என்றால் 'ஏன்?' என்பர். ந்தகரத்திற்கும் த்தகரத்திற்கும் இடையிலுள்ள அச்சிறு வேற்றுமையில் செய்தவர் ஒருவர் உண்டா இல்லையா என்னும் பெரிய வினா அடங்கியிருக்கின்றது. இவ்வுண்மையை யாம் இளமையிலேயே இலக்கண நூலிற் படித்துத் தேர்வும் எழுதியவரே. ஆயினும் அதன் பயனை எமக்கு உணர்த்தியவர் ஒரு மீன்காரப் பாட்டியார். அதுவே யாம் சொல்ல வந்த இரண்டாவது செய்தி.

கல்பாக்கத்தில் அணுவைக்கொண்டு மின்சாரம் எடுக்கும் உலைகள் இருப்பதை அறியாதார் இலர். சென்னை அணுமின் நிலையத்தின் முதல் உலை 1983-ஆம் ஆண்டிலும், இரண்டாவது 1985-ஆம் ஆண்டிலும் இயங்கத் தொடங்கின. 1971-இல் நிறுவப்பெற்ற ஆராய்ச்சி நிலையம் பின்னர் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் எனப் பெயர் பெற்றது. அங்கே 1985 அக்டோபர் 18-ஆம் நாள் வேக ஈனுலையின் சோதனை உலையொன்று இயங்கத் தொடங்கியது. எமது தெருவிலும் அங்கு வேலை பார்ப்போர் சிலர் உளர். பள்ளி ஆசிரியராயிருந்து, ஆங்கிலமும் தமிழும் கற்பித்து வந்த எம்மை, ஊரார் எல்லாம் அறிந்தவர் என்று தவறாக மதித்திருந்தனர். யாமும் அம்மதிப்பை மறுத்ததில்லை.

2001-ஆம் ஆண்டு, கோடைக்காலத்து ஒரு காலைப்பொழுது. பக்கத்துக் குப்பத்திலிருந்து நாள்தோறும் மீன் கொணரும் பாட்டியார் எமது திண்ணையிற் கூடையை இறக்கினார். அன்று நெத்திலியும் சங்கராவும் இருந்தன. எடை முடிந்து, பணமும் பெற்றுக்கொண்ட பின்னரும் அவர் எழவில்லை.

"வாத்தியாரே, ஒண்ணு கேக்கணும். என் பேரனை அந்த மின்சாரக் கம்பெனியிலே ஒப்பந்த வேலைக்குக் கூப்பிடுறாங்க. உள்ளே என்னமோ எரியுதுன்றாங்க. நானும் பாக்குறேன். பொகைபோக்கி மாதிரி ஒசரமா நிக்குது; பொகையைக் காணோம். சாம்பலைக் கொட்ட ஒரு லாரி போய் நான் பாத்ததில்லே. வடக்கே கரி எரிக்கிற ஊர்லே என் பொண்ணைக் குடுத்திருக்கேன். அங்கே சாம்பல் மலையா கெடக்குது. இங்கே எரியறது எதுதான் அது? சாம்பல் எங்கே போவுது?"

யாம் அப்பொழுது தேர்வுத்தாள் திருத்திக்கொண்டிருந்தோம். விரைவாக விடை கூற வேண்டும். அவ்விடை அழகாகவும் இருக்க வேண்டும். அடுக்களையில் மின்விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதைச் சுட்டிக்காட்டினோம்.

"ஆயா, அதோ லைட்டு எரிகிறதே, அதில் புகை உண்டா? சாம்பல் உண்டா? அதைப்போலத்தான் இதுவும்."

"சுடுமா?"

"பல்பைத் தொட்டால்தானே சுடும்? தொடாதவனுக்கு என்ன?"

பாட்டியார் சிறிது நேரம் விளக்கையே பார்த்தார். பின், "அப்போ சரி. வாத்தியார் சொன்னா சரி" என்று கூடையைத் தலையிலேற்றிக்கொண்டு போனார். அடுத்த வாரமே பேரன் வேலைக்குச் சென்றான். உவமை ஒன்றைக் கண்டுபிடித்த மகிழ்ச்சியில் யாம் அதனை ஆசிரியர் அறையிலும் ஒருமுறை சொல்லிக் காட்டினோம் என்பதை வெட்கத்தோடு இங்கு ஒப்புக்கொள்கின்றோம்.

மறு ஆண்டு, அஃதாவது 2002-இல், அச்சோதனை உலையின் எரிபொருள் ஒரு டன்னுக்கு 1,00,000 மெகாவாட்-நாள் என்னும் அளவை எட்டிற்று என்று பத்திரிகைகள் எழுதின. எம்மிடம் படித்து அறிவியல் கற்றுத் தேர்ந்த இளைஞர் ஒருவர், அது குறித்துத் தாம் ஆங்கிலத்தில் எழுதிய ஒரு பக்கக் குறிப்பைக் கொணர்ந்து, பள்ளிப் பிள்ளைகளின் சுவர்ப் பத்திரிகைக்காகத் தமிழில் ஆக்கித் தருமாறு வேண்டினார். எண்ணிப் பார்த்தோம், 'பர்ன்' என்னும் வினை அதில் ஏழிடங்களில் வந்திருந்தது. பாற்சட்டியை மறந்தவராய் மீண்டும் ஏழிடத்தும் 'எரி' என்றே எழுதினோம். எழுதிய பின்னர், பொருள் சரிதானா என அறிய அவ்விளைஞரை இரண்டு மாலைப்பொழுது உடன் அமர்த்திக்கொண்டோம். அம்மாலைகளில் மாணாக்கர் யாம், ஆசிரியர் அவர்.

அவர் விளக்கியதை எமது சொற்களிற் கூறுவோம். வேதியியலார் எரிதல் என்பது பொருளொன்று காற்றிலுள்ள பிராணவாயுவோடு விரைந்து கூடுதலாம். இதனைத் தெளிவுபடுத்தியவர் பதினெட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த பிரெஞ்சு அறிஞர் லவாசியர். அணு உலையில் இத்தகைய எரிதல் யாதும் இல்லை. யுரேனியம், புளூட்டோனியம் முதலிய கனத்த அணுக்களை நியூட்ரான் என்னும் நுண்துகள் பிளக்கின்றது. பிளவில் வெப்பம் பிறக்கின்றது. புதிய நியூட்ரான்கள் சில வெளிப்பட்டு வேறு அணுக்களைப் பிளக்கின்றன. காற்று வேண்டுவதில்லை, சுவாலை இல்லை, புகையும் இல்லை. அச்சோதனை உலையில் மெய்யாகவே தீப்பற்றி எரியக்கூடிய பொருள் எது எனின், எரிபொருள் அன்று. அதனைக் குளிர்விக்க ஓடும் உருகிய சோடியமே. காற்றுப்பட்டால் தீப்பற்றுவதும் நீர்பட்டால் சீறுவதும் அதன் இயல்பு. எரிபொருள் எனப்படுவது எரியாதிருப்பதும், குளிர்விப்பது எரியக்கூடியதாயிருப்பதும் கேட்டு யாம் வாய்விட்டுச் சிரித்தோம்.

அங்ஙனமாயின் 'பர்ன்' என்று ஆள்வது பிழையோ? பிழையென்று கூறவும் எமக்கு மனமில்லை. லவாசியர் பிறப்பதற்குப் பன்னூறு ஆண்டுகட்கு முன்னரே அச்சொல் பிறந்துவிட்டது. பிராணவாயுவைக் கேட்டுக்கொண்டு அது பிறக்கவில்லை. கதிரவன் எரிகின்றான் என்கின்றோம். அவன் நிலக்கரியாற் செய்யப்பட்டிருப்பின் சில ஆயிரம் ஆண்டுகளில் எரிந்து தீர்ந்திருப்பான் என்று கடந்த நூற்றாண்டுகளின் அறிஞர் கணக்கிட்டனர். அவன் அகத்தே நிகழ்வது அணுக்கள் கூடுதலே என்று அறிந்த பின்னரும் வானநூலார் ஹைட்ரஜன் எரிகின்றது என்றே எழுதி வருகின்றனர். உண்ட உணவு எரிகின்றது என்று மருத்துவர் கூறுவர். பசியைத் தீயென்று நம் முன்னோரும் கூறினர். மின்விளக்கு எரிகின்றது என்று நாமே கூறவில்லையா? அகல்விளக்கின் வினையை அப்படியே எடுத்து மின்விளக்கிற்கு மாட்டிவிட்டோம்.

ஒரு கிராம் யுரேனியம் முற்றும் பிளவுபட்டால் ஏறத்தாழ ஒரு மெகாவாட்-நாள் வெப்பம் உண்டாகும்; வீட்டுக் கணக்கிற் சொன்னால் 24,000 யூனிட். அதே வெப்பத்தைப் பெற நல்ல நிலக்கரி ஏறத்தாழ மூன்று டன் வேண்டும். ஒரு டன் எரிபொருள் இத்தனை மெகாவாட்-நாள் தந்தது என்று அளப்பதையே ஆங்கிலத்தில் 'பர்ன்-அப்' என்பர். மின்சாரத்திற்காக இயங்கும் இயற்கை யுரேனிய உலைகளில் அவ்வளவு ஏறத்தாழ 7,000. இதன் பொருள் யாதெனின், ஒரு டன்னில் ஏழு கிலோ அளவே பிளவுபட்டது. மற்றைய 993 கிலோவும் பிளவுபடாமலே நிற்கின்றது என்பதாம். 1,00,000 எட்டிய சோதனை உலையிலோ ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு பிளவுபட்டுள்ளது. விறகு எரிந்தால் ஒரு சுமை ஒரு கைப்பிடி ஆகும். இதுவோ உள்ளே போகும்பொழுது எவ்வளவு எடையோ, வெளியே வரும்பொழுதும் ஏறக்குறைய அவ்வளவே. எரிந்தும் வேகாதிருந்த முட்செடியைப் பற்றி வேதாகமத்திற் கேட்டிருக்கின்றோம். அதனைத் தமிழிற் பெயர்த்தோர் எரிதலுக்கு ஒரு வினையும் வேகுதலுக்கு வேறொரு வினையுமாக ஆண்ட நுட்பம் அன்றுதான் எமக்கு விளங்கிற்று.

"அப்படியானால் சாம்பல்?" என்று கேட்டோம். பாட்டியாரின் வினா எம் வாயினின்றே எழுந்தது.

"சாம்பல் உண்டு ஐயா. பிளந்த துண்டுகள்தாம் சாம்பல். அவை வெளியே போவதில்லை. அந்தக் கோல்களுக்குள்ளேயே இருக்கின்றன. அவைதாம் வீரியமுள்ளவை" என்றார் அவர். உலையை நிறுத்திய கணத்திலும் முழு வெப்பத்தில் நூற்றுக்கு ஆறேழு பங்கு அத்துண்டுகளிலிருந்து எழுந்துகொண்டேயிருக்கும். ஒரு நாள் கழிந்தால் அது நூற்றில் ஒரு பங்கிற்கும் கீழே இறங்கும். ஆயினும் அறவே நில்லாது. ஆகவே வெளியே எடுத்த கோல்களை ஆண்டுக்கணக்கில் ஆழ்ந்த நீர்த்தொட்டியில் வைத்துக் காப்பர். அச்சாம்பலில் ஒரு வகை முப்பது ஆண்டில் பாதியாகக் குறையும். உடன் உண்டாகும் புளூட்டோனியம் பாதியாவதற்கு 24,000 ஆண்டுகள் செல்லும். அப்புளூட்டோனியத்தைப் பிரித்தெடுத்து மீண்டும் ஈனுலைக்கு எரிபொருளாக்குவதே கல்பாக்கத்தாரின் நோக்கம். 2024 மார்ச்சு 4-ஆம் நாள் எரிபொருள் நிரப்பும் பணி தொடங்கப்பெற்ற 500 மெகாவாட் முன்மாதிரி ஈனுலையும் அந்நோக்கத்திற்கென எழுந்ததே.

'சுடுமா?' என்னும் வினாவிற்கு யாம் அளித்த விடை இதனினும் மோசமானது. 1901-ஆம் ஆண்டில் பெக்கரெல் என்னும் பிரெஞ்சு அறிஞர் ரேடியம் அடங்கிய சிறு குழலைச் சட்டைப் பையில் வைத்துத் திரிந்தார். அப்பொழுது சுடவில்லை, சில நாட்கள் கழித்துப் பைக்கு நேரே தோலில் தீப்புண் போன்று தோன்றிற்று. பியேர் கியூரி என்பார் அதனைச் சோதித்துப் பார்க்கத் தம் கையையே கொடுத்தார். ஆங்கிலத்தில் அப்புண்ணிற்கும் பெயர் 'பர்ன்' என்பதே. தொடாமலும் சுடும், சுடுங்கால் தெரியாமலும் சுடும். 'பல்பைத் தொட்டால்தானே' என்று யாம் சொல்லியது எவ்வளவு பெரிய அறியாமை!

இளைஞர் விடைபெற்றுச் சென்ற பின்னர் எமக்கு உறக்கம் வரவில்லை. காலையில் பாட்டியார் வரும்வரை காத்திருக்கவும் பொறாமல் யாமே குப்பத்திற்கு நடந்தோம். அவர் குடிசையின் முற்றத்தில் சவுக்கு விறகை அடுக்கிக்கொண்டிருந்தார். நின்றபடியே அனைத்தையும் சொன்னோம். சென்ற ஆண்டு சொன்னது தவறு, சாம்பல் உண்டு, உள்ளே காத்து வைத்திருக்கின்றனர், தொடாமலும் சுடும், அதற்கென்று கட்டுப்பாடுகள் உண்டு, பையன் அவற்றை மீறலாகாது என்றோம்.

பாட்டியார் சினந்துகொள்வார் என எதிர்பார்த்தோம். அவர் ஒரு மரப்பலகையை எடுத்துப் போட்டு, "ஒக்காருங்க வாத்தியாரே" என்றார்.

"பையன் வந்து சொன்னான். சட்டையிலே ஒரு வில்லை குத்தி அனுப்புறாங்களாம். எந்த எடத்துலே எம்மா நேரம் நிக்கலாம்னு கணக்கு உண்டாம். லைட்டு எரியற மாதிரின்னா எதுக்குடா வில்லைன்னு கேட்டேன். அவனுக்குச் சொல்லத் தெரியலே. நீங்க மொதல்லேயே சொல்லியிருந்தா அனுப்பியிருக்க மாட்டேனான்னா, அனுப்பித்தான் இருப்பேன். வூட்டு நெலமை அப்படி. ஆனா தெரிஞ்சு அனுப்பியிருப்பேன்."

எமக்கு மறுமொழி இல்லை. சிறிது நேரம் கழித்து அவரே மீண்டும் கேட்டார்.

"அது தானா எரியுதா, நாம எரிக்கிறதா? நாம எரிக்கிறதுன்னா அணைச்சுடலாம். தானா எரியறதை எப்படி அணைக்கிறது?"

இலக்கணப் புத்தகத்தின் தன்வினையும் பிறவினையும் அம்முற்றத்தில் எம் எதிரே வந்து நின்றன. உலையில் நிகழும் பிளவு நாம் எரிப்பது. அதற்கென அமைந்த கோல்களை உள்ளிறக்கினால் நின்றுவிடும். பிளந்த துண்டுகளின் வெப்பமோ தானே எரிவது. அதனை எவராலும் நிறுத்தவியலாது. நீரூற்றிக் குளிர்வித்துக்கொண்டு காலம் கழியக் காத்திருத்தல் ஒன்றே வழி. பழைய ஆங்கிலம் இரண்டு வினைகளாக வைத்திருந்து பின்னர் ஒன்றாக்கிவிட்டதை இம்மூதாட்டியார் ஒரு நொடியிற் பிரித்துவிட்டார். இரண்டும் உண்டு என்று விளக்கிச் சொன்னோம்.

"அப்போ அணைச்சப்புறம் தணல்," என்றார் அவர். "மேலே நீறு பூத்துக் கெடக்கும், உள்ளே கனன்னுக்கினே இருக்கும். நாங்க அந்தக் காலத்துலே ராத்திரி தணலைச் சாம்பல் போட்டு மூடி வெப்போம். காலையிலே ஊதினா பத்திக்கும். தீப்பெட்டிக்குக் காசு ஏது? எங்க வூட்டுலே இல்லேன்னா பக்கத்து வூட்டுலே ஓட்டுலே வாங்கியாருவோம். எங்க தணல் எத்தினி நாளைக்கு இருக்கும்? விடியற வரைக்கும். இவங்க தணல் எத்தினி நாளைக்கு?"

முப்பது ஆண்டு என்றும், 24,000 ஆண்டு என்றும் அவற்றின் கணக்கைச் சொன்னோம். அவர் விரல் மடக்கி எண்ண முயலவில்லை. "அம்மா நாளைக்கு யாரு பாத்துக்குவாங்க?" என்று கேட்டார். பிறகு அவருக்குச் சந்தைக்குப் புறப்படும் நேரமாயிற்று. அப்பேரன் இரண்டாண்டு அங்கே வேலை பார்த்துவிட்டு, கூலி போதவில்லை என்று மீண்டும் படகிற்கே சென்றுவிட்டான் என்பதையும் இங்குக் குறித்துவிடுகின்றோம்.

அன்று மாலை மொழிபெயர்ப்பை எடுத்து வைத்துக்கொண்டு அமர்ந்தோம். ஏழிடத்திலிருந்த 'எரிகிறது' என்பதில் நான்கை 'எரிக்கிறோம்' என்று திருத்தினோம். இளைஞர் எழுதிய ஆங்கில வாக்கியத்தில் 'நாம்' என்பது எங்கும் இல்லை. எனினும் தமிழில் அதனை விடுவதற்கு எமக்கு மனம் வரவில்லை. அளவைக் குறிக்கும் 'பர்ன்-அப்' என்பதற்கு 'எரிவளவு' என்று எழுதினோம். எஞ்சிய இரண்டிடங்களில், உலையினின்று எடுத்த கோல்களைப் பற்றி எரிந்து முடிந்தவை என்று இருந்தது. அதை அடித்துவிட்டுக் 'கனன்றுகொண்டிருப்பவை' என்று எழுதினோம்.

இளைஞர் படித்துப் பார்த்தார். நாமும் கனலும் அவர் புருவத்தை உயர்த்தின. "ஐயா, 'கனலுதல்' என்பது எந்தக் கலைச்சொல் அகராதியில் உள்ளது? கேட்டால் சொல்ல வேண்டுமே" என்றார். தாளின் ஓரத்தில், 'குப்பத்திற் கேட்டது' என்று எழுதிக் கொடுத்தோம். சுவர்ப் பத்திரிகையில் அக்குறிப்பும் சேர்ந்தே வெளிவந்தது.